தெற்கு முகில், வடக்கு முகில்: அஸ்ஸூபி கண்டதும் காணாததும்

நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை நமது வட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றி வரும். தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர், பின்னால் நட்சத்திரங்கள். மெகல்லன் முகிலைக் கண்டுபிடித்தவர் மெகல்லன் அல்ல, அவருக்கு 550 வருடங்களுக்கு முன்பே முஸ்லிம் விஞ்ஞானி அப்துர் ரஹ்மான் அஸ்ஸூபி அதைக் கண்டு எழுதி விட்டார் என்று கீழே போட்டிருப்பார்கள். அதற்குக் கீழே மாஷா அல்லாஹ் வரிசையாக வந்து கொண்டிருக்கும்.

இந்தச் செய்தியில் பாதி சரி, பாதி பிழை. மெகல்லன் கண்டுபிடிக்கவில்லை என்பது சரி. அஸ்ஸூபி கண்டார் என்பது பிழை. பிழையைத் திருத்தினால் நமது அறிஞர் ஒருவரின் பெருமை குறைந்து விடுமே என்று சிலருக்குத் தயக்கம். உண்மையில் அவர் என்ன எழுதினார் என்று பார்த்தால் பெருமை கூடத்தான் செய்கின்றது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கூடவே, நமது பால்வீதிக்கு மிக அருகில் இருக்கும் கலக்ஸிகளை மனிதன் எப்படி அறிந்து கொண்டான் என்ற கதையும் வரும்.

1. யார் இந்த அயலவர்கள்?

சூரியனும் நாமும் இருக்கும் கலக்ஸி பால்வீதி. அதன் ஒரு கரையில் இருந்து மறு கரைக்கு ஒளி போய்ச் சேர ஏறத்தாழ 1 இலட்சம் வருடங்கள் எடுக்கும். அதற்கு வெளியே வேறு கலக்ஸிகள் இருக்கின்றன. அவற்றுள் வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தெரிபவை மூன்று.

முதலாவது பெரிய மெகல்லன் முகில். தூரம் சுமார் 1 இலட்சத்து 60 ஆயிரம் ஒளியாண்டு. இரண்டாவது சிறிய மெகல்லன் முகில், சுமார் 2 இலட்சம் ஒளியாண்டு. இவை இரண்டும் தென்வானில் இருக்கின்றன. மூன்றாவது அந்திரோமீடா கலக்ஸி, வடவானில், சுமார் 25 இலட்சம் ஒளியாண்டு தூரத்தில். கண் மிகவும் கூர்மையானவர்கள், மிக இருட்டான இடத்தில், முக்கோண உடுத்தொகுதியில் இருக்கும் எம் 33 என்ற நான்காவதையும் காண்பதுண்டு. அது இன்னும் கொஞ்சம் தூரம்.

மெகல்லன் முகில்களை விடக் கிட்டவும் ஓர் அயலவர் உண்டு. தனுசு குள்ளக் கலக்ஸி என்று பெயர். அது பால்வீதியின் நடுப்பகுதிக்கு அந்தப் பக்கம், நட்சத்திரக் கூட்டத்துக்குப் பின்னால் மறைந்து கிடக்கின்றது. அதனால் 1994 வரை யாருக்கும் தெரியாது. இபாட்டா, கில்மோர், இர்வின் என்ற மூவர்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். இன்று இந்த முழு அயலையும் சேர்த்து உள்ளூர்த் தொகுதி என்று அழைக்கின்றார்கள். அதில் 50க்கு மேற்பட்ட கலக்ஸிகள் உண்டு. அநேகமானவை குள்ளக் கலக்ஸிகள். பெரிய வீடுகள் இரண்டே இரண்டு: பால்வீதியும் அந்திரோமீடாவும்.

2. மீனின் வாயில் ஒரு சின்ன முகில்

அப்துர் ரஹ்மான் அஸ்ஸூபி 903ல் ரய் நகரில் பிறந்தவர். அந்த நகரின் இடம் இன்றைய தெஹ்ரானுக்கு அருகில் இருக்கின்றது. இஸ்பஹானிலும் ஷிராஸிலும் புவைஹி அமீர் அழுதுத் தவ்லாவின் ஆதரவில் வானியல் செய்தவர். 964 அளவில் அவர் எழுதி முடித்த நூலின் பெயர் ‘ஸுவருல் கவாகிபித் தாபிதா’, அதாவது நிலையான நட்சத்திரங்களின் உருவங்கள்.

அந்த நூலின் அடிப்படை 2ஆம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த தொலமியின் பட்டியல். 48 உடுத்தொகுதிகள். அஸ்ஸூபிக்கு முன்னிருந்த பலர் தொலமியின் பட்டியலை எடுத்து, கணக்கை மட்டும் தங்கள் காலத்துக்கு மாற்றி எழுதி விட்டார்கள். வானத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அஸ்ஸூபி தனது முன்னுரையிலேயே இவர்களைக் கண்டித்து எழுதுகின்றார். அவர் ஒவ்வொரு நட்சத்திரத்தையும் தானே பார்த்து, பிரகாசத்தைத் தானே மதிப்பிட்டு, தொலமி பிழை விட்ட இடத்தில் பிழை என்று குறித்தார். ஒவ்வொரு உடுத்தொகுதிக்கும் இரண்டு படங்கள். ஒன்று நாம் கீழிருந்து பார்க்கும் போது தெரிவது போல. மற்றது வான் கோளத்தில் வரையும் போது இருப்பது போல, இடம் வலம் மாறி. பிள்ளைகளுக்குப் படிப்பிக்கின்றவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

இந்த நூலில் அந்திரோமீடா உடுத்தொகுதி வருகின்றது. அரபிகள் அந்த இடத்தில் ஒரு பெரிய மீனையும் கண்டிருந்தார்கள். அந்த மீனின் வாய்ப் பக்கத்தில் முகில் போன்ற ஒரு சின்னப் பூச்சு இருப்பதாக அஸ்ஸூபி குறிப்பிடுகின்றார். தொலமியின் பட்டியலில் அது இல்லை. இன்று நமக்குக் கிடைத்திருக்கும் எழுத்துக்களில் அந்திரோமீடா கலக்ஸியைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு இதுதான். ஐரோப்பாவில் சைமன் மரியஸ் அதைத் தொலைநோக்கியால் பார்த்து விவரித்தது 1612ல். அதாவது 600 வருடங்களுக்கும் மேல் கழித்து.

அது வேறொரு கலக்ஸி என்று அஸ்ஸூபிக்குத் தெரியாது. தெரிந்திருக்கவும் முடியாது. அவர் கண்டது ஒரு முகில், எழுதியதும் முகில் என்றுதான். இந்த இடத்தை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். முகிலைக் கண்டால் முகில் என்று எழுதுகின்ற மனிதர் அவர்.

3. “சேர், அவர் எங்க இருந்து பார்த்தார்?”

அந்த வட்ஸ்அப் படத்தைப் பற்றி ஒரு தரம் 9 மாணவி என்னிடம் கேட்ட கேள்வி இது. படத்தைப் பகிர்ந்த பெரியவர்களில் யாரும் கேட்காத கேள்வி. இதற்குச் சாதாரண கூட்டல் கழித்தல் போதும்.

ஷிராஸ் நகரம் வட அகலக்கோடு ஏறத்தாழ 29½ பாகை. அங்கே நின்று தெற்கே பார்த்தால், வானின் நடுக்கோட்டில் இருந்து தெற்கே 60½ பாகை வரைக்கும்தான் தெரியும். 90ல் இருந்து 29½ஐக் கழித்தால் வருவது அதுதான். அதற்கு அப்பால் உள்ளது எல்லாம் எந்த நாளும் அடிவானத்துக்குக் கீழே. பெரிய மெகல்லன் முகில் இருப்பது தெற்கே ஏறத்தாழ 70 பாகையில். ஆயிரம் வருடங்களில் பூமியின் அச்சு மெல்ல அசைந்து போவதால் இது ஏறத்தாழ ஒரு பாகைதான் மாறும். ஆகவே ஷிராஸில் அந்த முகில் அடிவானத்தை விட 10 பாகை கீழே. இஸ்பஹானில் இன்னும் கீழே. அவருடைய ஊர்களில் இருந்து அதைக் காண வழியே இல்லை.

அப்படியானால் அந்தக் கதை எங்கிருந்து வந்தது? அவருடைய நூலில் ஓர் இடம் இருக்கின்றது. ஸுஹைல் நட்சத்திரத்தைப் பற்றிய பகுதி. ஸுஹைல் என்றால் ஆங்கிலத்தில் கனோபஸ், நமது தமிழில் அகத்தியர் நட்சத்திரம். ஸுஹைலுக்குக் கீழே ஸுஹைலின் பாதங்கள் என்று சில நட்சத்திரங்கள் இருப்பதாகவும், அதற்கும் கீழே ஒளியான வெண்ணிற நட்சத்திரங்கள் இருப்பதாகவும், அவை ஈராக்கிலும் நஜ்திலும் தெரியா என்றும், திஹாமா மக்கள் அவற்றை ‘அல் பகர்’ என்று அழைப்பதாகவும் சிலர் சொல்கின்றார்கள் என்று எழுதுகின்றார். தொலமி இவற்றைப் பற்றி ஒன்றும் கூறவில்லை என்பதையும் சேர்க்கின்றார். இது உண்மையா பொய்யா என்று தனக்குத் தெரியாது என்று சொல்லி முடிக்கின்றார்.

அவ்வளவுதான். இந்தப் பந்திதான் பிற்காலத்தில் நட்சத்திரப் பெயர்கள் பற்றிய ஆங்கில நூல்களில் ‘வெள்ளை எருது’ ஆகி, எருது முகிலாகி, முகில் கண்டுபிடிப்பாகி, கடைசியில் நமது கைபேசிக்கு வந்து சேர்ந்தது. வழியில் எழுத்தும் மாறி விட்டது. படங்களில் ‘அல் பக்ர்’ என்று வரும். ‘காஃப்’ எழுத்தில் பக்ர் என்றால் இள ஒட்டகம். மூல நூலில் இருப்பது ‘ஃகாஃப்’, சூரத்துல் பகராவில் வருகின்ற அதே சொல், மாடுகள். அவர் கேள்விப்பட்டது நட்சத்திரங்களைப் பற்றி. முகில் என்ற சொல்லே அங்கே இல்லை.

திஹாமா என்பது செங்கடலின் அரபுக் கரையோரம். அதன் தென்கோடியில் பாபுல் மந்தப் நீரிணை. அங்கே நின்றால் பெரிய முகில் அடிவானத்துக்கு மேல் 7, 8 பாகை எழும். ஆகவே அந்தக் கரையில் வாழ்ந்த மீனவர்களும் மாலுமிகளும் முகிலைக் கண்டிருக்க இடமுண்டு. அவர்களுடைய பெயர்கள் எந்த நூலிலும் இல்லை.

இப்போது அந்தப் பந்தியை இன்னொரு தடவை யோசித்துப் பாருங்கள். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்று சொல்கின்றார். எந்த ஊர் மக்கள் சொல்வது என்று குறிக்கின்றார். பழைய ஆதாரத்தோடு ஒப்பிடுகின்றார். அங்கே இல்லை என்கின்றார். நான் காணவில்லை, தீர்ப்புச் சொல்ல மாட்டேன் என்று நிறுத்திக் கொள்கின்றார். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரிசையைப் பார்ப்பது எப்படி என்று மத்ரஸாவில் படித்தவர்களுக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல. பிறை விடயத்திலும் நாம் இதைத்தான் கேட்கின்றோம். கண்டவர் யார், எந்த ஊர், தன் கண்ணால் கண்டாரா, இன்னொருவர் சொல்லக் கேட்டாரா? பிறைக்கு இவ்வளவு கவனமாக இருக்கின்ற நாம், விஞ்ஞானத்தில் மட்டும் பகிரும் பொத்தானை யோசிக்காமல் அமத்தி விடுகின்றோம்.

நமது ஊர் நெசவுக்காரர் ஊர். பாவில் ஓர் இழை அறுந்து போனதைக் கவனிக்காமல் நெய்து கொண்டு போனால் துணி முடியும் வரை அந்தக் கோடு கூடவே வரும். வரலாறும் அப்படித்தான். முதலில் அறுந்த இடத்தில் முடிச்சுப் போட வேண்டும்.

4. மெகல்லனின் பெயர் எப்படி வந்தது?

இனி மற்றப் பாதிக்கு வருவோம். மெகல்லன் ஒரு போர்த்துக்கேயர். 1505ல் பிரான்சிஸ்கோ த அல்மெய்தாவின் கப்பற் படையோடு இந்தியாவுக்கு வந்தவர். அந்த அல்மெய்தாவின் மகன் லொரென்சோதான் இலங்கைக் கரைக்கு வந்த முதல் போர்த்துக்கேயத் தளபதி. 1511ல் முஸ்லிம் சுல்தானகமாக இருந்த மலாக்காவைப் போர்த்துக்கேயர் பிடித்த போது மெகல்லனும் அந்தப் படையில் இருந்தார். பின்னர் போர்த்துக்கல் மன்னரோடு மனக்கசப்பு ஏற்பட்டு ஸ்பெயினுக்குப் போய், அவர்களுடைய கப்பல்களோடு 1519ல் மேற்குத் திசையாகப் புறப்பட்டார். 1521 ஏப்ரல் 27ல் பிலிப்பைன்ஸின் மக்டான் தீவில் கொல்லப்பட்டார். உலகைச் சுற்றி ஊர் திரும்பியவர்கள் அவரோடு போனவர்களில் ஒரு சிலரே. அவர்களில் ஒருவரான இத்தாலியர் பிகஃபெட்டா தனது பயணக் குறிப்பில் தென்வானில் கண்ட இந்த இரண்டு முகில்களையும் எழுதி வைத்தார்.

அதற்கு முன்பே, போர்த்துக்கேயக் கப்பலில் இந்தியாவுக்கு வந்த அந்திரேயா கொர்சாலி என்ற இன்னோர் இத்தாலியர் தனது கடிதத்தில் இரண்டு முகில்களையும் தெற்குச் சிலுவையோடு சேர்த்துப் படமாகவே வரைந்திருந்தார். அது 1516ல் புளோரன்சில் அச்சானது. ஆக ஐரோப்பியர்களுக்குள்ளேயே மெகல்லன் முதல் ஆள் கிடையாது. ஐரோப்பியர் வருவதற்கு ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்பே அவுஸ்திரேலியாவின் பூர்வீகக் குடிகளும் தென்னமெரிக்க மக்களும் அவற்றைப் பார்த்துக் கதை சொல்லி வந்தார்கள். டச்சு மாலுமிகள் அவற்றைக் கேப் முகில்கள் என்றார்கள். பழைய வான் வரைபடங்களில் லத்தீனில் பெரிய முகில், சின்ன முகில் என்று மட்டும் இருந்தது. மெகல்லனின் பெயர் பின்னால் வந்து ஒட்டிக் கொண்டது.

2023ல் அமெரிக்க வானியலாளர் மியா த லொஸ் ரெயஸ் இந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்று எழுதினார். கண்டுபிடிக்காதவர், போன இடங்களில் ஊர்களை எரித்தவர், மனிதர்களை அடிமையாக்கியவர், அவர் பெயர் எதற்கு என்பது வாதம். சர்வதேச வானியல் ஒன்றியம் பெயரை மாற்றவில்லை.

கிழக்குக் கரை முஸ்லிம்களாகிய நமக்கு இந்த வாதம் தூரத்துச் சங்கதி அல்ல. 1626ல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சியில் இருந்த கரையோரங்களில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய போது, கண்டி மன்னர் செனரத் அடைக்கலம் கொடுத்து, 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினார் என்பது வரலாறு. நமது ஊர்களின் கதையில் அதுவும் ஓர் இழை.

என் அபிப்பிராயம் இதுதான். பெயரை மாற்றுவது ஒன்றியத்தின் வேலை. வகுப்பறையில் நான் பெரிய முகில், சின்ன முகில் என்றே சொல்கின்றேன். பழைய வரைபடங்களிலும் அதுதான் பெயர். பரீட்சைக்கு மட்டும் மெகல்லனையும் சேர்த்துப் படித்துக் கொள்ளுங்கள் என்பேன். மெகல்லனின் பெயரை எடுத்து விட்டு, காணாத ஒருவரின் பெயரை அந்த இடத்தில் வைப்பது பழைய பிழையை எடுத்துப் புதிய பிழையை வைப்பது.

5. சின்ன முகில் தந்த அளவுகோல்

இந்த முகில்களின் உண்மையான பெருமை 1912ல் வெளிவந்தது. அதைக் கொண்டு வந்தவர் ஹென்ரியேட்டா லீவிட். அமெரிக்காவின் ஹாவர்ட் வானாய்வகத்தில் வேலை செய்த பெண். காது கேட்பது மிகவும் குறைந்தவர். சம்பளம் மணிக்கு 30 சதம். அங்கே பெண்களைக் ‘கணிப்பான்கள்’ என்று அழைத்தார்கள். தொலைநோக்கியைத் தொடும் வேலை ஆண்களுக்கு. அவர்கள் எடுத்த கண்ணாடித் தகட்டுப் படங்களில் நட்சத்திரங்களை எண்ணி அளக்கும் வேலை பெண்களுக்கு.

பெருவின் அரெகிப்பாவில் இருந்து வந்த தகடுகளில் இரண்டு முகில்களையும் லீவிட் ஆராய்ந்தார். பிரகாசம் கூடிக் குறைந்து கொண்டிருக்கும் 1777 நட்சத்திரங்களை 1908ல் பட்டியல் போட்டார். 1912ல் சின்ன முகிலில் இருந்து 25 நட்சத்திரங்களை எடுத்து ஓர் ஒழுங்கைக் காட்டினார். ஒரு தடவை மங்கித் திரும்பவும் பிரகாசிக்க எடுக்கும் காலம் கூடக் கூட, அந்த நட்சத்திரத்தின் பிரகாசமும் கூடுகின்றது. இவற்றுக்கு செஃபீட் நட்சத்திரங்கள் என்று பெயர்.

இது ஏன் பெரிய விடயம்? கல்முனை மட்டக்களப்பு வீதியில் இரவில் நின்று பாருங்கள். தூரத்தில் ஒரு மங்கலான வெளிச்சம். அது கிட்ட இருக்கும் சைக்கிள் டோர்ச்சா, தூரத்தில் வரும் பஸ் விளக்கா? பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. ஆனால் அந்த விளக்கு எத்தனை வோட் என்று எழுதியிருந்தால், மங்கலைப் பார்த்துத் தூரத்தைக் கணக்குப் போட்டு விடலாம். லீவிட் கண்டது அந்த எழுத்தைத்தான். துடிக்கும் காலம்தான் வோட்.

சின்ன முகில் ஏன் தேவைப்பட்டது? அதில் உள்ள நட்சத்திரங்கள் எல்லாம் நம்மில் இருந்து ஏறத்தாழ ஒரே தூரம். மருதமுனையில் இருந்து பார்த்தால் கொழும்பில் உள்ள எல்லா வீடுகளும் ஏறத்தாழ ஒரே தூரம் என்பது போல. ஆகவே அங்கே ஒன்று மற்றதை விடப் பிரகாசமாகத் தெரிந்தால் அது உண்மையிலேயே பிரகாசமானதுதான். பால்வீதிக்கு உள்ளே இருக்கும் நட்சத்திரங்களில் இந்த ஒப்பீட்டைச் செய்ய முடியாது. தூரம் எல்லாம் கலந்து கிடக்கும்.

அந்த 1912 அறிக்கை வெளியானது பணிப்பாளர் பிக்கெரிங்கின் கையொப்பத்தோடு. தயாரித்தவர் மிஸ் லீவிட் என்று உள்ளே ஒரு வரி. லீவிட் 1921 டிசம்பரில் புற்றுநோயால் மௌத்தானார். 1925ல் சுவீடன் கணித அறிஞர் மித்தாக் லெஃப்லர் அவரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்க எண்ணி ஹாவர்டுக்குக் கடிதம் எழுதினார். அவர் மௌத்தாகி மூன்று வருடங்கள் கழிந்திருந்ததை அந்த மனிதர் அறிந்திருக்கவில்லை. யார் கண்டார், யார் பெயர் எடுத்தார் என்ற கேள்வி நமது சமூகத்துக்கு மட்டும் உரியதல்ல என்பதற்காக இதையும் சொல்கின்றேன். வகுப்பில் பின்வரிசையில் பேசாமல் இருக்கும் பெண் பிள்ளைகளுக்காகவும் சொல்கின்றேன்.

6. தெற்கின் அளவுகோல், வடக்கின் முகில்

1920 ஏப்ரல் 26ல் வாஷிங்டனில் ஷாப்லி, கேர்ட்டிஸ் என்ற இருவர் ஒரே மேடையில் வாதிட்டார்கள். அந்திரோமீடா போன்ற சுருள் முகில்கள் பால்வீதிக்கு உள்ளே இருப்பவையா, வெளியே இருக்கும் தனி உலகங்களா? ஷாப்லி உள்ளே என்றார். கேர்ட்டிஸ் வெளியே என்றார். முடிவு வரவில்லை.

1923 ஒக்டோபரில் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் எட்வின் ஹபிள் 100 அங்குலத் தொலைநோக்கியால் அந்திரோமீடாவைப் படம் எடுத்தார். தகட்டில் புதிய நட்சத்திரம் என்று நினைத்து ஓர் அடையாளம் போட்டவர், பிறகு அதை வெட்டி விட்டு, மாறும் நட்சத்திரம் என்று வியப்புக்குறியோடு எழுதினார். அது ஒரு செஃபீட். 31 நாளுக்கு ஒரு துடிப்பு. லீவிட்டின் ஒழுங்கைப் போட்டுப் பார்த்தால் தூரம் ஏறத்தாழ 9 இலட்சம் ஒளியாண்டு என்று வந்தது. பால்வீதிக்கு வெளியே, வெகு தூரம். 1925 ஜனவரி 1ல் இந்த முடிவு வானியலாளர் மாநாட்டில் வாசிக்கப்பட்டது. அன்றோடு வாதம் முடிந்தது. பிறகு 1952ல் வால்டர் பாடே செஃபீட்களில் இரண்டு வகை உண்டு என்று காட்டிய போது தூரம் இரண்டு மடங்கானது. இன்றைய கணக்கு சுமார் 25 இலட்சம் ஒளியாண்டு.

இப்போது முழுக் கதையையும் சேர்த்துப் பாருங்கள். 964ல் அஸ்ஸூபி வடவானில் கண்டு எழுதிய சின்னப் பூச்சு எவ்வளவு தூரம் என்று அறிய 960 வருடங்கள் எடுத்தன. அதை அளக்கும் கோல் கிடைத்தது தென்வானின் சின்ன முகிலில் இருந்து. அவருக்குத் தெரியாத தெற்கு, அவர் கண்ட வடக்கைத் திறந்து கொடுத்தது.

7. இன்னும் முடியாத கதை

1987 பெப்ரவரி 24 அன்று சிலியின் லாஸ் கம்பானாஸ் வானாய்வகத்தில் இயன் ஷெல்டன் எடுத்த படத்தில் பெரிய முகிலுக்குள் ஒரு புதிய வெளிச்சம் இருந்தது. அதே இரவில் அங்கே ஒஸ்கார் துஹால்டே வெறுங்கண்ணால் அதைக் கண்டார். ஒரு பெரிய நட்சத்திரம் வெடித்திருந்தது. 1604க்குப் பிறகு வெறுங்கண்ணுக்கு இவ்வளவு நன்றாகத் தெரிந்த வெடிப்பு அதுதான். ஒளி வருவதற்குச் சில மணி நேரம் முன்பே நியூட்ரினோ என்ற துகள்கள் ஜப்பான், அமெரிக்கா, சோவியத் நாடு மூன்றிலும் இருந்த கருவிகளில் மொத்தம் இரண்டு டசின் அளவில் பதிவாகின. நட்சத்திரத்தின் நடுப்பகுதி இடிந்து விழும் போது நியூட்ரினோ வெளியேறும் என்று கணக்கில் சொன்னது கண்முன் உறுதியானது.

2006ல் நித்யா கல்லிவயலிலும் சகாக்களும் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியால் இரண்டு முகில்களின் வேகத்தையும் அளந்தார்கள். எதிர்பார்த்ததை விட வேகம் அதிகம். ஆகவே இவை பால்வீதியை நெடுங்காலமாகச் சுற்றி வருபவை அல்ல, முதல் தடவையாக நெருங்கி வருபவையாக இருக்கலாம் என்ற கருத்து வலுப்பட்டது. அயலவர் என்று நாம் நினைத்தவர்கள் விருந்தாளிகளாக இருக்கலாம்.

அந்திரோமீடாவும் பால்வீதியும் சுமார் 400, 500 கோடி வருடங்களில் மோதும் என்று பல வருடங்களாகப் பாடப் புத்தகங்களிலும் காணொளிகளிலும் உறுதியாகச் சொல்லப்பட்டது. 2025 ஜூனில் வெளியான சவாலா குழுவினரின் ஆய்வு, அடுத்த 1000 கோடி வருடங்களில் மோதும் வாய்ப்பு ஏறத்தாழ பாதிக்குப் பாதி என்கின்றது. காரணங்களில் ஒன்று நமது பெரிய முகில். அதன் நிறையையும் கணக்கில் சேர்த்தால் பால்வீதியின் பாதை கொஞ்சம் விலகுகின்றது. உறுதியாகச் சொல்லப்பட்டதையே திரும்பக் கணக்கிட்டு, உறுதியில்லை என்று எழுதுகின்றார்கள். அஸ்ஸூபி அன்று செய்த அதே வேலை.

8. நமது கரையில் இருந்து

நாம் இருக்கும் இடத்தின் அருமையை அநேகர் கவனிப்பதில்லை. மருதமுனை வட அகலக்கோடு ஏறத்தாழ 7½ பாகை. மத்திய கோட்டுக்குக் கிட்ட. அஸ்ஸூபி வடக்கு முகிலைக் கண்டார், தெற்கு முகில் அவருக்கு எழவே இல்லை. சிலியின் தென்கோடியில் இருப்பவர்களுக்குத் தெற்கு முகில்கள் தலைக்கு மேல், அந்திரோமீடா எழுவதே இல்லை. நமக்கோ இரண்டும் ஒரே இரவில் தெரியும்.

ஜனவரி கடைசியில் இருந்து பெப்ரவரி நடுப்பகுதி வரை, வடகீழ்ப் பருவ மழை ஓய்ந்து, சந்திரன் இல்லாத இரவாகப் பாருங்கள். மஃரிப் முடிந்து ஏழு மணி அளவில் வடமேற்கே திரும்புங்கள். ஆங்கில டபிள்யூ எழுத்துப் போல ஐந்து நட்சத்திரங்கள் தெரியும். அது கசியோப்பியா. அதில் ஆழமான பக்கத்துக் கூர் காட்டும் திசையில் ஒரு சாண் அளவுக்குள் நீண்ட மங்கலான பூச்சுத் தெரிந்தால், அதுதான் அஸ்ஸூபியின் முகில். உங்கள் கண்ணில் படும் ஒளி 25 இலட்சம் வருடங்களுக்கு முன் புறப்பட்டது.

இஷா தொழுது விட்டு எட்டு மணி அளவில் தெற்கே திரும்புங்கள். மேலே வானிலேயே மிகப் பிரகாசமான சிரியஸ் இருக்கும். அதற்குக் கீழே அடுத்த பிரகாசம் ஸுஹைல். கையை நீட்டி ஸுஹைலில் இருந்து கீழ்நோக்கி, கொஞ்சம் வலப்பக்கமாக ஒரு சாண் அளந்தால், அடிவானத்துக்கு மேல் ஒரு முஷ்டியும் இன்னும் கொஞ்சமும் உயரத்தில் பெரிய முகில். கிழிந்து வந்த பஞ்சுத் துண்டு போல இருக்கும். சின்ன முகில் அந்த நேரம் அடிவானத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ போயிருக்கும். டிசம்பரில் மழை விட்ட இரவு கிடைத்தால், ஏழு மணி தாண்டித் தெற்கே தாழ்வாகத் தேடலாம்.

ஊருக்குள் இருந்து தெற்கு முகிலைக் காண்பது கஷ்டம். நமக்குத் தெற்கே பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது என்று வெளிச்சம் தொடர்ந்து கொண்டே போகின்றது. அதன் மேல்தான் முகில் எழுகின்றது. பொத்துவிலைத் தாண்டிப் பாணமைப் பக்கம் போனால் தெற்கு இன்னும் இருட்டாக இருக்கின்றது. அந்த இருட்டு இன்னும் எத்தனை வருடத்துக்கு என்று சொல்ல முடியாது. பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போகும் பாடசாலைகள் ஓர் இரவை இதற்காக ஒதுக்கலாம். செலவு ஒன்றும் இல்லை. தொலைநோக்கி தேவையில்லை. இருந்தால் சாதாரண இரு கண் நோக்கி போதும். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் கைபேசியை அணைத்து வைக்க வேண்டும். அதுதான் சிரமமான பகுதி.

பார்த்து விட்டு வருகின்றவர்கள் கீழே கருத்தில் எழுதுங்கள். எந்த ஊர், எத்தனை மணி, எந்தத் திசை, எவ்வளவு உயரம் என்று சேர்த்து எழுதுங்கள். கண்டவர் கண்டேன் என்று எழுதுங்கள். முகில் மூடி, வெளிச்சம் மறைத்து, காணக் கிடைக்காதவர் காணவில்லை என்று எழுதுங்கள். இரண்டும் ஒரே அளவு பெறுமதியான பதிவுதான். அடுத்த தடவை அந்தப் படம் உங்கள் குழுவுக்கு வந்தால் இந்தப் பதிவை அதற்குக் கீழே போட்டு விடுங்கள்.